நர்ஸ் இல்லாத நான்கு கட்டில்கள்

முகப்பேரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை. கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது, மொழி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. ஆரம்பத்தில் என்ஜினியரிங் படித்த பையன்கள் வந்தார்கள். இப்போது வகுப்பில் பாதிக்கு மேல் நர்சுகள். நைட் டியூட்டி முடித்த கையோடு காலை வகுப்புக்கு வந்து, கொட்டாவியை அடக்கிக்கொண்டு வினைச்சொற்களைச் சொல்லுவார்கள்.

ஜெர்மனியிலுள்ள மருத்துவமனைகள் வீடியோ காலில் அவர்களை இன்டர்வியூ செய்யும். "எங்கள் நாட்டுக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வி தவறாமல் வரும். அதற்கு நானே ஒரு பதில் எழுதி எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். 'உங்கள் நாட்டின் ஒழுங்கும் பண்பாடும் சிறுவயது முதலே என்னைக் கவர்ந்தவை' என்று அது தொடங்கும். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்தப் பதிலுக்கு வேலை கிடைத்துக்கொண்டிருந்தது.

நெமிலிச்சேரியிலிருந்து ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது. ஆவடியில் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆபரேஷன் முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில், பதினோரு வருடமாக நர்ஸ். கணவர் கார் ஓட்டுகிறார். ஒரே மகள், ஆறாவது படிக்கிறாள். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்குவாள், பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தவறிவிட்டாள்.

அந்த நாட்களில் என் கணவர் டிவியில் ஒரு செய்தி பார்த்தார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்தில், வெளிநாட்டுக்காரர்கள் திரும்பிப் போக வேண்டும் என்று பெரிய ஊர்வலம். "வேணாம்னு சொல்ற இடத்துக்கு எதுக்குப் பொண்ணுங்களைத் தயார் பண்ணி அனுப்பறே?" என்று கேட்டார். மறுநாள் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டேன். நெமிலிச்சேரிக்காரிதான் வாயைத் திறந்தாள்.

"ஊர்வலம் போறவங்க நல்லா நடக்கறவங்க மிஸ். படுத்துகினு கீறவங்க அப்டி பேச மாட்டாங்க. தண்ணி குட்த்தா போதும், யாருன்னு பாக்க மாட்டாங்க."

அவளுடைய இன்டர்வியூவும் என் வகுப்பறையிலேயே நடந்தது. அவள் வீட்டில் நெட் சரியாக வராது. கேமராவில் தெரியாதபடி நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். திரையில் நரைத்த முடியோடு ஒரு அம்மாள், அங்கே ஒரு வார்டின் தலைமை நர்ஸ். வழக்கமான கேள்வி வந்தது. இவள் என் பதிலின் முதல் வரியைச் சொன்னாள். சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"மன்னிக்கவும். இது என் டீச்சர் எழுதிக்கொடுத்தது," என்றாள் ஜெர்மனில். எனக்குக் காது சூடானது. "உங்களிடம் ஆள் இல்லை. நான் என் மகளை நன்றாகப் படிக்க வைக்க வேண்டும். அதனால் வருகிறேன். நான் ஒன்று கேட்கலாமா? எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் எங்கே போனார்?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். போச்சு என்று நினைத்தேன்.

"ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு அடுத்தவரும் போய்விட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு அதிகம் வருவதில்லை. என் வார்டில் நான்கு கட்டில்களை மூடி வைத்திருக்கிறேன். நோயாளிகள் காத்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள நர்ஸ் இல்லை."

அதன்பிறகு இருவரும் இருபது நிமிடம் பேசினார்கள். கனமான நோயாளியை ஒற்றை ஆளாக எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, படுக்கைப்புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. இரண்டு முறை பேச்சுத் தேர்வில் தவறியவள், கையை ஆட்டி ஆட்டி, தப்பும் தவறுமாக, நிறுத்தாமல் பேசினாள்.

முடிந்ததும், "சொல்லிக்கொடுத்ததைச் சொல்லியிருக்கலாமே?" என்று கடுகடுத்தேன்.

"கோச்சிக்காதீங்க மிஸ். அத்த சொல்ல சொல்ல, இன்னாடா பிச்சை கேக்கற மாதிரி கீதேன்னு தோணிச்சு. அவங்களும்தானே நம்மள கேக்கறாங்க?"

வேலை கிடைத்தது. மூன்றாவது முயற்சியில் தேர்விலும் தேறினாள். பொங்கல் முடிந்ததும் கிளம்பிப் போனாள். போன ஒரு மாதத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: குளிர் எலும்பைக் குத்துகிறது, மகள் போனில் சரியாகப் பேச மாட்டேன் என்கிறாள், நான்கில் இரண்டு கட்டில்களைத் திறந்துவிட்டார்கள். என் பழைய பதிலை அதன்பின் யாருக்கும் கொடுக்கவில்லை.

அந்தக் கோடையில் என் கணவருக்குப் பித்தப்பையில் கல். ஆவடியில் அவள் வேலை பார்த்த அதே மருத்துவமனையில்தான் ஆபரேஷன். வார்டில் நர்ஸாக இருந்தது ஒரு சின்னப் பெண், ஜார்க்கண்டிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "வலி? இங்கே?" என்று வயிற்றைத் தொட்டுக் கேட்பாள். அதற்கு மேல் தமிழ் வராது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பட்டாபிராம்காரர், "இன்னா சொன்னாலும் இதுக்கு புரிய மாட்டேங்குது. நம்ம ஊர்ல ஆளா கிடைக்கல?" என்று சத்தம் போட்டார்.

ரவுண்ட்ஸ் வந்த மூத்த நர்ஸ் நின்றார். "கிடைக்கல சார். இந்த வருஷம் மட்டும் மூணு பேரு வெளிநாடு போய்ட்டாங்க. இவங்களும் வரலைன்னா இந்த வார்டை மூட வேண்டியதுதான்."

அந்த மூன்று பேருக்கும் மொழி சொல்லிக்கொடுத்தது நான். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வந்தேன்.

மதியம் அந்தப் பெண் டிரெஸ்ஸிங் மாற்ற வந்தபோது, என் அரைகுறை ஹிந்தியில், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கட்டிடம் இருக்கிறது, நர்ஸ் வேலை ரொம்ப நாளாகக் காலியாக இருக்கிறது என்றாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் இவள்தான் போனில் மாத்திரை பெயர் சொல்வாளாம். அதை அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பஞ்சை எடுத்து, பிளாஸ்திரியை வெட்டி, தன் வேலையைச் செய்துகொண்டே சொன்னாள்.

பிறகு வீட்டில் நானும் கணவரும் இதைப் பற்றி நிறைய பேசியிருக்கிறோம். பணக்கார நாடுகளுக்கு இவர்கள் தேவையா என்ற கேள்வியில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஆனால் ஜெர்மனியில் அந்த அம்மாளின் கட்டிலைத் திறக்க ஆவடியில் ஆள் குறைந்தது, ஆவடிக்காக ஜார்க்கண்டில் குறைந்தது. அந்தப் பெண்ணின் ஊருக்கு யார் வருவார்கள்? வகுப்பை நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு வாரம் யோசித்தேன். போக நினைப்பவளிடம் போகாதே என்று சொல்ல நான் யார் என்று தோன்றியது. நிறுத்தவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று அந்தப் பெண் லிஃப்ட் வரை வந்தாள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கணவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். சுற்றிலும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் ஹிந்தியில் கேட்டாள், ஜெர்மன் கற்க எவ்வளவு நாளாகும் என்று.

ஒன்றரை வருடம் ஆகும் என்றேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் வகுப்புக்கு வருகிறாள். ஆவடியிலிருந்து பஸ்ஸில் வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஹிந்தி எழுத்தில் குறித்துக்கொள்கிறாள். இடைவேளையில் மற்ற நர்சுகள் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள்.