மரம் ஏறும் பொத்தான்

ஜெயசித்ரா அக்கா பொத்தானைச் சேற்றில் புரட்டுகிறார், வாளித் தண்ணீரில் முக்குகிறார், கூரைத் தகரத்தின் மேல் வீசி அது உருண்டு விழக் காத்திருக்கிறார். விழுந்ததை ஒரு மிதி மிதித்துவிட்டு அமுக்குவார். மேசைமேல் கிடக்கும் போன் உடனே அழைக்க வேண்டும். அழைத்தால், “பொழச்சுக்கிட்டான்” என்பார். எல்லாப் பொத்தானும் அவருக்கு ‘அவன்’தான்.

சென்னைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சங்கரன்கோவிலில் கழுகுமலை சாலைக் கொட்டகையொன்றில் கம்பியில்லாமல் போனை இயக்கும் பொத்தான் செய்கிறார். சைக்கிள் கைப்பிடியிலும் மலையேறுபவர்களின் கையுறையிலும் இப்படிப்பட்டவற்றை வெளிநாடுகளில் பார்த்திருக்கிறேன். அக்காவுடையது தென்னை ஏறுபவர்களுக்கு.

“ஆளு உச்சியில இருக்கும்போதுதான் அடுத்த தோட்டத்துக்காரன் கூப்பிடுதான். எடுக்கலைன்னா வேற ஆளைக் கூப்பிட்டுருவாம்லா.”

மணிக்கட்டின் உட்பக்கம் கட்டிய பொத்தானை அரிவாள் பிடியால் ஒரு தட்டு தட்டினால் போதும். வரும் அழைப்பை எடுக்கும். அழைப்பு இல்லையென்றால் கடைசியாகப் பேசிய எண்ணைக் கூப்பிடும். காதில் இயர்போன்.

மாதிரிப் பொத்தானைக் கட்டிக்கொண்டு மரம் ஏறிப் பார்த்தவர் வெள்ளத்துரை. கோயம்புத்தூரில் பொத்தானின் கூட்டுக்கு அச்சு வெட்டத் தொடங்க வேண்டிய நாளன்று காலை, அவரை இழுத்துக்கொண்டு மனைவி ஆறுமுகத்தாய் வந்தார். அச்சை வெட்டிவிட்டால் பிறகு வடிவத்தை மாற்ற முடியாது.

“ஏட்டி சித்ரா, இவரு மரத்துல ஏறுனாப் போதும், எனக்கு போன் வருது. நான் வைக்கிற குழம்பு வெந்நி மாதிரி இருக்காம்! தோட்டக்காரர்ட்ட சொல்லிச் சிரிக்காரு.”

“எம்மா, சத்தியமா நான் அதைத் தொடவே இல்ல” என்றார் வெள்ளத்துரை.

“குழம்பைச் சொன்னது?”

அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பொத்தானை அவிழ்க்கப் போனார்.

அக்கா சிரிக்கவில்லை. “அண்ணாச்சி, இந்தத் தூணை மரம்னு நெனச்சுப் பிடிங்க.”

அவர் தூணைக் கட்டிப்பிடித்தார். மணிக்கட்டு தூணில் அழுந்தியதும் ஆறுமுகத்தாயின் பைக்குள் போன் அடித்தது.

“வெளிப்பக்கம் திருப்பிக் கட்டினால்?” என்றேன்.

“மட்டை இடிக்கும்” என்றார் அக்கா. கோயம்புத்தூருக்குப் பேசினார். “அண்ணே, வெட்டாதீங்க. கையில கட்டுத வேலையே சரியில்ல.”

“இதை விட்டா பொங்கல் கழிச்சுத்தானுங்க மெஷின் கிடைக்கும். போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க.”

“கெடைக்கும்போது கெடைக்கட்டும்.”

போனை வைத்தார். வெள்ளத்துரையை விலகச் சொல்லிவிட்டு, தூணை இரண்டு கைகளாலும் இறுகக் கட்டிக்கொண்டார். பிறகு தலையைச் சாய்த்து, தாடையால் தன் தோள்பட்டையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.