நான் வாயை மூடின சனிக்கிழமை

எனக்கு ஸ்ட்ரோக் வந்தப்ப இடது கையும் காலும் போச்சு, வாய் மட்டும் அப்படியே இருந்துச்சு. அதுல என் வீட்டுக்காரிக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

என்னை மாதிரி ஸ்ட்ரோக் வந்தவங்க பத்துப் பேர் எங்க தீவுல இருக்கிற ஜார்ஜ்டவுன்ல சனிக்கிழமை காலையில கூடுவோம். கொஞ்சம் கை கால் பயிற்சி, கொஞ்சம் ஆறுதல், கடைசியில கோப்பி. தலைவர் நான்தான். மூணாம் வகுப்பை மூணு தடவை பார்த்துட்டு வெளிய வந்தவனை ஏன் போட்டாங்கன்னா, போடலன்னாலும் நான்தான் பேசிக்கிட்டு இருந்திருப்பேன்.

எங்களை மாதிரி சின்னக் கூட்டங்களுக்குக் கை கொடுக்கறதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கு. ரூம் பிடிச்சுக் கொடுத்ததும் அவங்கதான். எங்க கூட்டத்தைப் பதிவு பண்ற பாரத்தை நிரப்ப ஒரு பொண்ணை அனுப்பினாங்க. அது பாரத்தைத் தொடவே இல்ல. மூலையில உட்கார்ந்து கூட்டம் முழுக்க நோட்டுல கோடு போட்டுக்கிட்டே இருந்துச்சு.

கூட்டம் முடிஞ்சதும் கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில இருந்து, பாலம் தாண்டிக் கார் ஓட்டிப் புருஷனைக் கூட்டிட்டு வர்ற அக்கா என்கிட்ட வந்தாங்க. அவரு லோரி ஓட்டினவரு. இப்ப ஒரு வார்த்தை வெளிய வர ஒரு நிமிஷம் ஆகும்.

"அண்ணே, அடுத்த வாரத்தோட நாங்க நிப்பாட்டிக்கிறோம். கிளம்பும்போதே முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறாரு. வீட்டுலயும் பேசறதில்ல, இங்கயும் பேசறதில்ல."

எனக்குச் சுருக்குன்னுச்சு. இவ்வளவு ஜோக் அடிச்சும் ஒரு ஆளைப் பிடிச்சு வைக்க முடியலையே.

அந்தப் பொண்ணு நோட்டைக் காட்டுச்சு. "யாரு பேசினாலும் ஒரு கோடு, அங்கிள். இதெல்லாம் உங்களுது."

பக்கம் நிறைய நான்தான். ஸ்கூல்ல வாங்காத மார்க்கெல்லாம் மொத்தமா வந்துடுச்சுன்னு நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அந்த லோரி அங்கிள் ஏழு தடவை வாயைத் திறந்தாரு. ஏழு தடவையும் நீங்கதான் முடிச்சு வெச்சீங்க."

"பாவம், கஷ்டப்படறாரேன்னு உதவி பண்ணேன் மா."

"அவரு என்ன சொல்ல வந்தாரு?"

யோசிச்சேன். 'பாலத்துல'ன்னு ஆரம்பிச்சாரு. 'ஆமா, டிராஃபிக் ஜாமு, தெரிஞ்ச கதைதானே லா'ன்னு நான் முடிச்சேன். அவரு என்ன சொல்ல வந்தாரோ, எனக்கு எங்க தெரியும்?

"அடுத்த வாரம் அவரு முடிக்கிற வரைக்கும் சும்மா இருங்க, அங்கிள்."

சொல்லிட்டுப் போயிடுச்சு. என் வாயைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? அடுத்த சனிக்கிழமை அவரு ஆரம்பிச்சதும் நான் ஒரு வாய் தண்ணியை ஊத்தி அடக்கிக்கிட்டேன்.

"பா... பாலத்துல..."

கன்னம் ரெண்டும் வலிக்குது. தண்ணி மூக்குக்கு ஏறுது. அவரு என்னையே பார்த்தாரு.

"மு... முழுங்குங்க... அண்ணே."

எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு. அப்புறம் மிச்சமும் துண்டு துண்டா வந்துச்சு. பாலத்துல லோரி ஓட்டிட்டு வரும்போதுதான் அவருக்கு ஸ்ட்ரோக் வந்து கை மரத்துப் போயிருக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் கார் அந்த இடத்தைத் தாண்டும்போது உடம்பு நடுங்குதாம்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"ன்னாங்க அக்கா.

"நீ... ஓட்டுற... பயந்துடுவ."

சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கிற பாய் ஒருத்தர் எங்க கூட்டத்துல இருக்காரு. "இதுக்குப் போய் நிப்பாட்டுவாங்களா? ஃபெரில வாங்க லா. என் கடை வேன் இந்தப் பக்கம் ஃபெரி இறங்குற இடத்துக்கே வந்து ஏத்திக்கும்"னாரு. அவ்வளவுதான் விஷயம். தலைவரா இருந்து நான் இத்தனை மாசமா என் வாயாலேயே மறைச்சு வெச்சிருந்தது அதைத்தான்.

பதிவு பாரத்தை, அன்னைக்கும் மூலையில உட்கார்ந்திருந்த அந்தப் பொண்ணு அதுக்கு அப்புறம்தான் கையில எடுத்துச்சு.

மறு சனிக்கிழமை வேன்ல நானும் போனேன். மீன் கறி சட்டிக்கு நடுவுல உட்கார்ந்து போய்ச் சேர்றதுக்குள்ள ஃபெரி வந்து ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு. ரெண்டு பேரும் வெயில்ல நின்னாங்க. அவரு வேன் கதவைப் பிடிச்சுக்கிட்டு, "இ... இவ்வளவு..."ன்னு ஆரம்பிச்சாரு. பின்னால கார்க்காரங்க ஹார்ன் அடிக்கிறாங்க. அவரு என்னை முழுசாத் திட்டி முடிக்கிற வரைக்கும் வேன் நகரல.