வரிசையின் நடுவில் நிற்க மாட்டேன் என்றவள்

ஊசியக்காவுக்குப் பொய்யே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று வருஷமாக வீட்டில் விதவிதமாகப் பொய் சொன்னவள் அவள். தொண்டை கட்டிவிட்டது என்றாள். முட்டி பிடித்துக்கொண்டது என்றாள். ஆஸ்பத்திரியில் கூட்டம், வர நேரமாகிவிட்டது என்றாள். எல்லாம் ஒரே ஒரு காரியத்திலிருந்து தப்பிக்கத்தான்.

அந்தக் காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுப் பெண்கள் மாலைத் தொழுகையை முன்னறையில் ஒன்றாகச் சேர்ந்து தொழுவார்கள். உம்மா, உம்மாவின் தங்கையான சாச்சி, தம்பியின் மனைவி, இவள். ஆண்களில் தொழ வைப்பவர் எல்லாருக்கும் முன்னால் தனியாக நிற்பார். பெண்கள் மட்டும் தொழுதால், தொழ வைப்பவள் வரிசையிலேயே நடுவில் நிற்பாள். அந்த நடு இடம் எத்தனையோ வருஷமாக ஊசியக்காவுடையதாக இருந்தது. குரல் அப்படி. அவள் ஓதினால் தெருவில் போகிறவர்கள் நடையைக் குறைப்பார்கள். சாச்சிக்கு யாரையும் புகழ்ந்து பழக்கமில்லை. அவளே "இவ வாயில தேனைத் தடவிப் பெத்திருக்கா என் அக்கா" என்று சொல்லியிருக்கிறாள்.

'ஊசி' ஆஸ்பத்திரி வைத்த பெயர். கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய ஓர் அறையில் உட்கார்ந்து ரத்தம் எடுக்கிறாள். மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்கி, முழங்கை மடிப்பில் விரலை வைத்து நரம்பைத் தேடி, "கையை மூடுங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஊசி இறங்கியிருக்கும். ஊதா மூடிக் குழாய், சிவப்பு மூடிக் குழாய், பஞ்சு, அடுத்த ஆள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பாதிப்பேர் டீ குடித்துவிட்டுத்தான் வருவார்கள். கேட்டால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று சத்தியம் செய்வார்கள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, நாளைக்கு வாங்க என்று எழுப்பிவிடுவாள். பெரிய டாக்டரின் மாமனாரையே அப்படி எழுப்பி அனுப்பியிருக்கிறாள். வயது ஐம்பத்தொன்று. புருஷன் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது. அப்போது உம்மா வீட்டுக்கு வந்தவள், வேலைக்குப் போய்க்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள்.

கதை கேட்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு காரணம் வேண்டும். பிள்ளை செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எவனாவது எதையாவது படிக்கக் கொடுத்து மனசைக் கெடுத்திருக்க வேண்டும். மன்னிக்கணும், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் தொழுது முடித்துக் கையேந்தியபோது, கேட்கிறவர் யாரும் இல்லை என்று தோன்றியது. பதறிப்போனாள். மாதக்கணக்கில் கேட்டாள், அழுதும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திப் பார்த்தாள். பொழுது விடிந்தது, வேலைக்குப் போனாள், யாரிடமும் அவளுக்கு இரக்கம் குறையவில்லை. அல்லா இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் சங்கதி.

தெரிந்த அன்றே நடு இடத்தை உம்மாவுக்கு விட்டுக்கொடுத்து விலகினாள். ஓரத்தில் நின்று குனிந்து நிமிர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நடுவில் நிற்பது அப்படியல்ல. தொழ வைப்பவளின் தொழுகையைப் பிடித்துக்கொண்டுதான் கூட நிற்பவர்களின் தொழுகை நிற்கிறது. உள்ளே ஒன்றுமில்லாதவள் அங்கே நின்றால் மூன்று பெண்களை ஏமாற்றியதாகும். டீ குடித்துவிட்டு இல்லையென்று சாதிக்கிறவர்களைத் தினமும் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. பெரிய பொய்யைச் சொல்ல முடியாமல்தான் சின்னச் சின்னப் பொய்களாகச் சொன்னாள்.

அந்தச் சின்னப் பொய்களில் ராஜபொய் மாதவிலக்கு. அந்த நாள்களில் தொழ வேண்டியதில்லை என்று மார்க்கமே விடுமுறை கொடுத்திருக்கிறது, யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. அவள் அதைக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொண்டாள். உனக்கு மட்டும் மாசத்தில் ரெண்டு தடவை வருதா என்று சாச்சி கேட்கிற அளவுக்கு. அப்புறம் அது நிஜமாகவே நின்றது. நின்றதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சமையலறையில் தம்பி மனைவியிடம், அப்பாடா, விட்டது தொல்லை என்று சொல்லித் தொலைத்தாள். அன்று சாயங்காலமே செய்தி சாச்சிக்குப் போய்விட்டது. தன் வாயாலேயே மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

இதற்கிடையில் உம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அறுத்து எடுத்தே ஆக வேண்டும் என்று ஊசியக்காவின் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். உம்மாவுக்குக் கத்தியைவிட மயக்க மருந்துதான் பயம். தூங்க வைத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று ஒரே புலம்பல். மகளிடம் இரண்டே இரண்டு கேட்டாள். அறுவைக்கு முந்தின நாள் மாலை பழையபடி நீ நடுவில் நின்று ஓதி எனக்காக அல்லாவிடம் துஆ கேட்க வேண்டும், மறுநாள் உள்ளே கொண்டுபோகிற வரைக்கும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாவதற்கு அவள் உடனே சரி என்றாள். முதலாவதற்குப் பதில் சொல்லாமல் வேலைக்கு ஓடிவிட்டாள்.

அந்த மாலை வேலையிலிருந்து திரும்பினால் முன்னறையில் பாய்கள் விரித்தாகிவிட்டன. நடுப் பாய் காலியாக இருந்தது. உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி மனைவி. பள்ளிவாசலுக்குக் கிளம்பிய தம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். சாச்சி இடுப்பில் கையை வைத்தபடி, தொண்டைக்கு வெந்நீர் இருக்கிறது, முட்டிக்கு நாற்காலி இருக்கிறது, மற்றதுதான் நின்றுபோய்விட்டதே, இனி என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டாள்.

ஊசியக்கா பையைக் கீழே வைத்தாள்.  

"எனக்கு அல்லா மேல நம்பிக்கை இல்ல உம்மா. நான் நடுவுல நிக்க மாட்டேன்."

சாச்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்றாள். தம்பி மனைவிக்கு முகத்தில் ஈயாடவில்லை. தம்பி செய்த முதல் வேலை என்ன தெரியுமா? வாசல் கதவைச் சாத்தினான். அக்காவின் ஈமான் போனதைவிட அது அடுத்த வீட்டுக் காதில் விழுந்துவிடுமோ என்பதுதான் அவனுக்குப் பெரிய பயம். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவிடம் வந்தான்.

"லாத்தா, நம்பலன்னா மனசுக்குள்ள வெச்சுக்க. இப்ப நின்னு ஓதிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. நம்பாதவ தொழ வெச்சா கூட நிக்கிறவங்க தொழுகை என்ன ஆகும்? நீதான் பள்ளிவாசல் பயானுக்கெல்லாம் போறியே, சொல்லு."

 சாச்சி முந்திக்கொண்டாள். எங்கள் தொழுகை என்ன ஆனால் நம்பாதவளுக்கு என்னடி கவலை என்றாள்.

"நீங்க நம்புறீங்க இல்ல சாச்சி, அதான்" என்றாள் ஊசியக்கா.

அப்புறம் சாச்சி விட்டுவைப்பாளா? ஆஸ்பத்திரிச் சகவாசம் என்றாள், கைபேசி என்றாள், புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்தே இவளுக்கு மனசு சரியில்லை என்றாள். அவர் போனபோது ஐந்து வேளையும் அழுதுகொண்டே தொழுதேன், பக்கத்தில் நீங்கள்தான் நின்றீர்கள் என்று ஊசியக்கா நினைவுபடுத்தினாள். யாரும் தன்னைக் கெடுக்கவில்லை, யோசித்தது தானேதான், அந்தப் பெருமையை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது என்றும் சொன்னாள்.

நாற்காலியிலிருந்து உம்மா கேட்டாள். "எப்போலேர்ந்து?"

 ஏன் கேட்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இவளை நடுவில் நிறுத்தித் தொழுததெல்லாம் என்ன ஆயிற்று என்கிற கேள்வி அது.

"மூணு வருஷமா உம்மா. அன்னிலேர்ந்து ஒரு தடவைகூட நடுவுல நிக்கல. யோசிச்சுப் பாருங்க."

உம்மா யோசித்தாள். சாச்சி அவளுக்கு முன்னாலேயே யோசித்து முடித்துவிட்டாள். அப்படியானால் அந்த முட்டிவலி? பொய். அந்தப் பொய் முட்டிக்கா நான் முட்டிபோட்டு உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிட்டேன் என்று அவள் போட்ட கூச்சலில், சற்று நேரம் அல்லாவே பின்னால் போய்விட்டார். ஊசியக்கா அதற்கு மட்டும் மனசார மன்னிப்புக் கேட்டாள். முட்டிவலி பொய்தான், இது பொய் இல்லை என்றாள்.

தம்பி சிரிக்கவில்லை. அப்படியானால் நாளைக்கு நீ ஆஸ்பத்திரியில் உம்மா பக்கத்தில் நிற்கக் கூடாது என்றான். மயக்கத்துக்குப் போகிறவர்கள் திரும்பி வருவார்களோ மாட்டார்களோ, நாக்கு குழறினால் கடைசி மூச்சில் சொல்ல வேண்டிய கலிமாவை எடுத்துக் கொடுக்க ஈமான் உள்ள ஆள் வேண்டும், நான் நின்றுகொள்கிறேன் என்றான். ஊசியக்காவுக்கு அங்கேதான் வலித்தது. உம்மா ஏதாவது சொல்வாள் என்று முகத்தைப் பார்த்தாள்.  உம்மா நாற்காலியை இழுத்து நடுப் பாயில் போடச் சொன்னாள். நேரம் போகிறது, நானே தொழ வைக்கிறேன் என்றாள்.

சாச்சி ஊசியக்காவை உள்ளே போ என்று கண்ணைக் காட்டினாள். அவள் போகவில்லை. வேலைக்குப் போய்வந்த சேலையோடு, தலையில் முக்காடு இல்லாமல், உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்றாள். இது அவளுடைய வீடும்தான். பள்ளிவாசலுக்கு நேரம் தவறிய தம்பி வாசற்கதவோரமே நின்றுவிட்டான்.

உம்மா உட்கார்ந்தபடியே தொடங்கினாள். சின்னதாக எதையாவது ஓதியிருக்கலாம். பயத்தில் இருந்தவள், சின்ன வயதில் மனப்பாடம் செய்த நீளமான குர்ஆன் அத்தியாயம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். பாதிவரை நன்றாகத்தான் போனது. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டாள். அதே வரிக்குத் திரும்பி வந்து மறுபடி நின்றாள். அப்படி நின்றால் தெரிந்தவர்கள் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கலாம். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் சின்னச் சின்ன அத்தியாயங்கள்தான் தெரியும். சாச்சிக்கு அதுவும் தகராறு. மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது உம்மாவின் குரல் உடைந்துபோயிருந்தது. நாளைக்குப் பிழைக்க மாட்டேன் என்பதற்கு இதுவே சாட்சி என்று அவள் நினைத்துவிட்டது கதவோரம் நின்றவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஊசியக்கா அடுத்த வார்த்தையைச் சொன்னாள். ஒரே ஒரு வார்த்தை, அந்தப் பழைய குரலில். உம்மா அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை ஓதி முடித்தாள்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததுதான் தாமதம், சாச்சி பாய்ந்து வந்து ஊசியக்காவைக் கட்டிக்கொண்டாள். பார்த்தாயா, அல்லாவே உன் வாயில் கொண்டுவந்து வைத்தான், உன் ஈமான் எங்கேயும் போகவில்லை என்று குதித்தாள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஏதோ வேலை அலுப்பில் பேசிவிட்டாய் லாத்தா, இத்தோடு விட்டுவிடலாம், நாளைக்கு நீயே உம்மா பக்கத்தில் நில் என்றான். உம்மா இரண்டு கையையும் நீட்டினாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்துப் பல மாதமாகியிருந்தது.

ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும், நாளைக்கு உம்மாவின் கையும் கிடைக்கும். நீங்களும் நானுமாக இருந்தால் சும்மா இருந்திருப்போம்.   ஊசியக்கா போய் உம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"மனப்பாடம் இருக்கு உம்மா. நம்பிக்கை இல்ல. நீங்க தவிச்சது பொறுக்காமத்தான் எடுத்துக் குடுத்தேன். அல்லாவுக்காக இல்ல."

உம்மாவின் முகம் விழுந்தது. கைகளை இழுத்துக்கொண்டாள். கல்நெஞ்சுக்காரி, அறுவைக்குப் போகிறவளுக்கு ஒரு ராத்திரி சந்தோஷத்தைக் கொடுக்க உனக்கு மனசு வரவில்லையா என்று சாச்சி கத்தினாள். தம்பி, நாளைக்கு நான்தான் நிற்பேன், முடிந்தது பேச்சு என்றான்.

"நீ நிக்க வேணாம்" என்றாள் உம்மா.

தம்பிக்குப் புரியவில்லை. உம்மா அவனைப் பார்க்காமலே சொன்னாள். "வயித்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னு முழிச்சதும் கேட்டா, நீ ஒண்ணுமில்ல உம்மான்னு சொல்லுவே. உன் பொண்டாட்டியும் அதையேதான் சொல்லுவா. கல்லுன்னா கல்லு, வேற ஏதாவதுன்னா அதையும் இவதான் மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. இவ வரட்டும்."

"அப்போ கலிமா?" என்றான் அவன்.

 உம்மா மகளிடம் திரும்பிக் கேட்டாள். "நாக்கு குழறிச்சுன்னா எடுத்துக் குடுப்பியா?"

"குடுப்பேன். ஆனா நம்பாமத்தான் குடுப்பேன் உம்மா."

"நீ நம்பாமலே குடு. நான் நம்பி வாங்கிக்கிறேன்."

சொல்லிவிட்டு உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஊசியக்கா சொன்னதைத் திரும்ப வாங்கவும் இல்லை, அழாதீர்கள் என்று சொல்லவும் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில், அந்த நடுப் பாயின் மேலேயே, உம்மா அழுது முடிக்கும்வரை நின்றாள்.