அடிக்கட்டைக்கு முன்னால் ஒரு செருப்பு

ஜூஜுவாடியில் சவரியப்பனின் யார்டுக்கு மண் தோண்டும் வண்டியை வாடகைக்குக் கேட்டுப் போன் செய்கிறவர்களிடம் ஜெபசீலி முதலில் கேட்பது விலாசத்தை அல்ல, செருப்பை. "அடிக்கட்டை மேல உங்க செருப்ப வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்பாள். மரத்தை வெட்டிச் சாய்க்க ஆள் கிடைப்பார்கள். மண்ணுக்குள் காலூன்றி நிற்கும் அடிக்கட்டையைப் பிடுங்கத்தான் வண்டி வேண்டும். அது எத்தனை பெரிது என்று தெரிந்தால்தானே எந்த வண்டி என்று சொல்ல முடியும்? இன்ச் டேப் எத்தனை பேர் வீட்டில் இருக்கும்? செருப்பு எல்லோர் காலிலும் இருக்கிறது.

அந்த ஒரு போட்டோ போதும் அவளுக்கு. தென்னையா, ஜேசிபி என்று ஊரே சொல்லும் டயர் வண்டி போகட்டும், வேர் கொத்தாக வந்துவிடும். மூன்று தடவை வெட்டியும் துளிர்த்த தைலமரமா, இட்டாச்சி என்கிற செயின் வண்டிதான். டயர் வண்டி கட்டையைச் சுற்றி நாலு பக்கமும் போய் நின்று வேரை அறுக்க வேண்டும். செயின் வண்டி ஒரே பக்கம் நின்று கையை நீட்டித் தூக்கிவிடும். பதினோரு வருடத்தில் அவள் சொல்லி அனுப்பிய வண்டி ஒன்றுகூட வேலை முடியாமல் திரும்பியதில்லை. இத்தனை கெட்டிக்காரியாக இல்லாமல் இருந்திருந்தால் அவளை எப்போதோ போக விட்டிருப்பார்கள்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். கல்யாணமாகி மூன்றாம் வருடம் புருஷன் ஹைவேயில் லாரி மோதிச் செத்துப்போனான். அவனுடைய அண்ணன்தான் சவரியப்பன். "ரெண்டு மாசம் ஆபீஸ்ல வந்து உக்காரும்மா, மனசு தேறும்" என்றார். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியவில்லை. அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆபீசுக்கு மேலேயே ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கிறிஸ்துமஸுக்குப் பட்டுப்புடவை. சம்பளம் மட்டும் கிடையாது. வீட்டுப் பெண்ணுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா! அவளுடைய சர்டிபிகேட்டுகள் பத்திரமாக இருக்கட்டும் என்று அவருடைய பீரோவில், வண்டிகளின் ஆர்.சி. புத்தகங்களோடு கிடந்தன. அவள் கேட்டால் தர மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்கும் அன்றைக்கெல்லாம் சாவி காணாமல் போயிருக்கும்.

அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்தது. அடுத்த வாரம் போய் வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வரச் சொல்லிவிட்டார்கள். வரவில்லை என்றால் அடுத்த ஆள். ஜெபசீலி நேரே சர்ச்சுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் அழுதாள். சாமியார் சவரியப்பனைக் கூப்பிட்டுப் பேசினார். அவரும் யோசித்து ஒரு கணக்குச் சொன்னார்.

"ஒரு வாரம் எஸ்லின் தனியாப் பாக்கட்டும் சாமி. இவ போனத் தொடக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது. இவ இல்லாம யார்டு ஓடுச்சுன்னா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் இவ கையில குடுத்துடறேன்."

எஸ்லின் அவருடைய மருமகள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், கூர்மையானவள். ஜெபசீலி தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்கு எழுதிக் கொடுத்தாள். மரம், மண், வேர், செருப்பு, எல்லாம். பிறகு ஆறு நாள் வாயைக் கட்டிக்கொண்டு அறையிலேயே கிடந்தாள். கீழே போன் அடிக்கும்போதெல்லாம் அவள் கை தானாக எழுந்து திரும்பப் படுத்தது. சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் ஒரு வண்டியும் திரும்பி வரவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இறங்கும்போது பார்த்தாள், சவரியப்பன் கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. சொன்ன சொல் தவறாத மனிதர், சர்டிபிகேட்டுகளைக் கொண்டே வந்துவிட்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போதுதான் எஸ்லின் ஓடிவந்து போனை நீட்டினாள். "சின்னத்தை, இது நேத்து வந்துச்சு. கெலவரப்பள்ளி நாராயணப்பனோடது. நானே பாத்து டயர் வண்டிய அனுப்பிட்டேன். டிரைவர் பிரகாஷ் அண்ணன் ஏழரைக்கே ஆரம்பிச்சிருப்பாரு. சரிதானே?"

அரசமரத்து அடிக்கட்டை. முன்னால் ஒரு செருப்பு, கட்டையின் அகலத்தில் பாதி. அப்படிப் பார்த்தால் சின்னக் கட்டைதான். ஆனால் வேர்மேல் மஞ்சள் பூசிய தடம் இருந்தது, அறுந்த நூல் ஒன்று தொங்கியது. ஜெபசீலி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாமி இருந்த மரம்! சாமிக் கல்லைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்துப் பூசை போட்ட பிறகும் நாராயணப்பன் அந்தக் கட்டைமேல் செருப்பை வைப்பாரா? பத்தடி தள்ளி, போட்டோ எடுக்கும் தன் காலடியிலேயே விட்டிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் செருப்பு பெரிதாகத் தெரிகிறது, தூரத்துக் கட்டை சிறுத்துப்போய்விட்டது. போட்டோவின் ஓரத்தில் கட்டையை ஒட்டி ஒரு மோட்டார் பைப் வளைந்து இறங்கியது. கிணறு. நாலு பக்கமும் சுற்றி வர வேண்டிய வண்டிக்கு நாலாவது பக்கத்தில் கிணற்று விளிம்பு மட்டும்தான் தரை.

வேம்பு, அரசு என்றால் செருப்பு எங்கே இருக்கிறது என்று அவள் போனில் கேட்டுவிடுவாள். கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

எஸ்லினுக்குப் பதில் சொன்னால்கூட வாயைத் திறந்த கணக்காகிவிடும். அதற்குள் பூசை தொடங்கிவிட்டது. முழங்காலில் நின்றபடி அவள் கணக்குப் போட்டாள். ஒன்பதே காலுக்குப் பூசை முடியும், ஒன்பதரைக்குப் பை கையில். மற்ற மூன்று பக்கத்தை முடிக்கவே பதினொன்று ஆகிவிடும். பையை வாங்கியதும் போன் செய்தால் யாருக்கும் எதுவும் ஆகாது, அவளும் தப்பித்துவிடலாம். வேறு டிரைவராக இருந்தால் அப்படியே உட்கார்ந்திருப்பாள். பிரகாஷை அவளுக்குத் தெரியும். எந்தக் கட்டையானாலும் கஷ்டமான பக்கத்தில்தான் முதலில் கை வைப்பான். மணி எட்டு இருபது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

முதல் தடவை அடித்து நின்றது. இரண்டாம் தடவைதான் பிரகாஷ் எடுத்தான்.

"எந்தப் பக்கம் நிக்கிற?"

"கெணத்துப் பக்கந்தாங்க்கா. கட்ட அசையவே மாட்டேங்குது. ரெண்டு வாட்டி முன் டயர் மேல தூக்கிருச்சு. இன்னொரு வாட்டி இழுத்துப் பாக்கறேன்."

"இழுக்காத. ஆப் பண்ணு. மெல்ல எறங்கி இந்தப் பக்கமா வந்துரு."

"மொதலாளிகிட்டக் கேக்க வேணாங்களா? அந்தப் பெரியவரு நல்ல நேரம் போவுதுன்னு கத்தறாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே மஞ்சள் பை பெஞ்சின் மேல் இருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது.

"நீ எறங்கு பிரகாஷ். மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

வேலை நின்றுபோனதென்று பூசை முடிவதற்குள் நாராயணப்பன் சவரியப்பனுக்கு நாலு தடவை போன் செய்துவிட்டார். வெளியே வந்து நடந்ததைக் கேட்ட சவரியப்பன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். கண்கலங்கச் சாமியாரைப் பார்த்து, "பாத்தீங்களா சாமி, ஒரு உசுரக் காப்பாத்திருக்கு எங்க வீட்டுப் பொண்ணு. இவள விட்டுட்டு நான் எப்படி யார்டு நடத்த?" என்றார். சாமியார் தலையாட்டினார். பை திரும்பவும் கக்கத்துக்குப் போனது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சவரியப்பன் அவள் தலையைத் தொட்டுச் சொன்னார்.

எஸ்லின் மட்டும் தள்ளியே நின்றாள். "இத மட்டும் ஏன் சின்னத்தை எனக்குச் சொல்லித் தரல?" என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்றாள் ஜெபசீலி. அந்தப் பெண் நம்பவில்லை. நிஜமாகவே மறந்தேனா என்று கார் யார்டு வந்து சேரும்வரை ஜெபசீலி தன்னையே குடைந்துகொண்டு வந்தாள். ஆபீசில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டிரெய்லர்காரருக்குப் போன் செய்து, செயின் வண்டியைக் கெலவரப்பள்ளிக்கு அனுப்பச் சொன்னாள்.

சாயங்காலம் பிரகாஷ் கூப்பிட்டான். கட்டை வந்துவிட்டதாம். கிணற்றுக்கு எதிர்ப்பக்கமே நின்று மூன்று மணி நேரத்தில் தூக்கிவிட்டார்களாம். தூக்கிய குழிக்குள் கிணற்றுச் சுவரும் நாலடிக்குச் சரிந்து விழுந்ததாம்.

"காலைல நா நின்ன எடந்தாங்க்கா அது."

"சரி, வந்து சாப்புடு" என்றாள்.

"அக்கா, நாளைக்கு நீங்க ஆபீஸ்லதான இருப்பீங்க?"

மேஜைமேல் அவள் எழுதிக் கொடுத்த நோட்டை எஸ்லின் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஜெபசீலி அதை எடுத்து டிராயருக்குள் போட்டாள்.

"இருப்பேன்" என்றாள்.