கனவில் வந்த மெட்டு

காணிப்பாக்கம் பிள்ளையார் மீது ஒரு பாட்டு வேண்டுமென்று ஒரு பாடகர் சித்தூரில் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். தெலுங்கில் வரிகள் எழுதி மெட்டுப் போட்டேன். சுருதி விலகிய அவர் குரலைக் கம்ப்யூட்டரில் வரிக்கு வரி இழுத்துச் சரிசெய்தேன்.

திருப்பதியில் பாட்டை வெளியிட்டபோது, "சாமியே கனவில் வந்து இந்த மெட்டைக் கொடுத்தார்" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. என் பெயரைச் சொல்லவே இல்லை.

மேடைக்குப் பின்னால் போய் மறித்தேன். "அப்போ நான் இன்னாத்துக்குண்ணா ஒக்காந்துகினு வேலை செஞ்சேன்?"

"உன் பேரைச் சொன்னா எவனுக்குப்பா தெரியும்?" என்று சிரித்துவிட்டு செல்ஃபிக்குத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் போன் செய்தார். காணிப்பாக்கம் திருவிழாவில் பாடுவதற்குக் குரல் இல்லாத ட்ராக் வேண்டுமாம். தரமாட்டேன் என்றேன்.

"திமிரா ஒனக்கு?"

"ஆமா" என்று போனை வைத்தேன்.

திருவிழாவில் வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு பாடினார். நானும் கூட்டத்தில் நின்று கேட்டேன். பல்லவியிலேயே சுருதி போய்விட்டது. பக்கத்தில் நின்றவர், "நல்ல பாட்டைக் கெடுத்துகினு கீறான் பாரு" என்றார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.