ஐஸ் பிளாஸ்க்கில் போன தீர்ப்பு

குழந்தை போதும் என்று ஊராரைச் சம்மதிக்க வைப்பது அரசாங்கம் தபீதாளுக்குக் கொடுத்த வேலை. ஒன்றாவது வேண்டும் என்பது அவளுடைய சொந்த வேலை. சித்தூரைச் சுற்றிய கிராமங்களில் குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸாக முதல் வேலையை அவள் திறமையாகச் செய்தாள். எமர்ஜென்சி வருஷத்தில் நிறையப் பேரை ஆபரேஷனுக்கு அழைத்து வந்ததற்காக ஒரு படம் பரிசாகக் கிடைத்தது. சிரிக்கிற அப்பா, சிரிக்கிற அம்மா, சிரிக்கிற இரண்டு பிள்ளைகள். கூடத்தில் மாட்ட மாமியார் கிருபாபாய் விடவில்லை. அரசாங்கப் பரிசைத் தூக்கிப் போடவும் பயம். படம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது.

“இன்னா நர்சம்மா, உன் கடைய இன்னும் தொறக்கவே இல்ல, எங்க கடைய மூட வந்துட்ட?” என்றாள் ஒரு நாள் வெங்கடம்மா. ஐந்து பெற்றவள்.

“தொறந்து வச்சுக்கினுதான் கீறேன். யாவாரம் ஆவல” என்றாள் தபீதாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். அன்று கொண்டுபோன சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

கணவன் தேவானந்தம் மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டர். சபைக் கமிட்டியில் மெம்பர். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் தபீதாளுக்குக் கருப்பையைச் சுரண்டிப் பார்த்தார்கள், கருக்குழாயில் காற்று ஊதிப் பார்த்தார்கள், மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தேவானந்தம் ஜெபம் பண்ணினான். வேலைப் பங்கீடு அப்படி அமைந்திருந்தது. அதற்கு வேத ஆதாரமும் உண்டு.

“சாராள், ராகேல், அன்னாள், எலிசபெத்து” என்று கிருபாபாய் விரல் மடக்குவாள். “அத்தனையும் பொம்பளைங்க. மலடுன்னு ஒரு ஆம்பளை பேரச் சொல்லு பார்க்கலாம்.”

தபீதாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஆண்களை யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தோன்றவும் இல்லை. அவள் காலத்திலும்தான் பார்க்கவில்லை.

1978இல் திருப்பதியில் டாக்டர் சுலோசனா கிளினிக் திறந்தார். சபைக்காரர்கள் பிள்ளை வேண்டும் என்று திருப்பதி பஸ் ஏறுவதில் ஒரு சங்கடம் இருந்தது. எந்தக் கோயில் படியை மிதித்தார்கள் என்று ஊர் கேட்கும். தபீதாள் யூனிஃபாரம் போட்டுக்கொண்டு, டிரெயினிங் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டினார். “ஏழு வருசமா உன்னையே பார்த்துக்கினு இருக்காங்களே, அவர யாரு பார்த்தாங்க?”

“அவருக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. டிரில் மாஸ்டரு.”

“டிரில்லு நல்லா எடுப்பாரா? சந்தோஷம். கூட்டிக்கினு வா.”

தேவானந்தம் வரவில்லை. “கிரவுண்ட நாலு சுத்து ஓடறேன், மூச்சு வாங்குதான்னு நீயே பாரு. அப்புறம் டெஸ்ட் இன்னாத்துக்கு?” என்றான். சீமையில் கண்ணாடிக் குழாயில் குழந்தை உருவாக்கிய செய்தி பேப்பரில் வந்தபோது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. “இதோ பாரு தபீ. இதுல ஆம்பளைக்கு வேலையே இல்ல.”

அடுத்த முறை போனபோது அவள் அதையும் கேட்டுப் பார்த்தாள். டாக்டர் சிரித்தே விட்டார். “குழாய் இன்னா சும்மாவா பெத்துப் போடும்? அதுக்கும் அவர்துதான் வேணும். அதுவும் எத்தனையோ பேருக்குச் செஞ்சு ஒருத்தருக்கு நின்னிருக்கு. நம்ம பக்கம் அது வர்றதுக்குள்ள உனக்கு நரைச்சிடும். மொதல்ல இதைப் பாரு.”

ஒரு வருஷம் கழித்து அவன் இறங்கி வந்தான், ஒரு நிபந்தனையோடு. கிளினிக்கில் ஒரே ஒரு பாத்ரூம். அதன் கதவு பெண்கள் காத்திருக்கும் பெஞ்சைப் பார்த்துத் திறக்கும். “அங்கேயிருந்து பாட்டிலோட நான் வெளிய வரணுமா? அதுக்கு செத்துடலாம்.” வீட்டிலேயே எடுத்துத் தருவான், கொண்டுபோவது அவள் பொறுப்பு.

பொறுப்பு அவளுக்குப் புதிதல்ல. உயிருள்ள சரக்கை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று அரசாங்கமே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. போலியோ சொட்டு மருந்து சூடு பட்டால் செத்துப் போகும். ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் மூடியை இறுக்கிக் கொண்டுபோக வேண்டும். ஆகவே டாக்டரிடம் எதுவும் கேட்காமலே, கணவன் கொடுத்த பாட்டிலைச் சுற்றி ஐஸ் அடைத்தாள். மூடியை இறுக்கினாள். இரண்டு மணி நேரப் பயணம் முழுக்க மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். மொட்டை போடப் போகிற கும்பலில் ஒருவர், “இன்னாம்மா அது, குச்சி ஐஸா?” என்று கேட்டார். “மருந்து” என்றாள். கிளினிக் வாசலில் பாட்டிலை வெளியே எடுத்து, ஈரத்தை முந்தானையால் துடைத்து ஜன்னலில் கொடுத்தாள். ஐஸ் விஷயம் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. இதைவிட ஒழுங்காக ஒரு தப்பைச் செய்ய முடியாது.

டாக்டர் முகம் மாறிச் சொன்னார்: “ஒண்ணுகூட அசையல. ஒரு தடவைய வச்சு முடிவு கட்டக்கூடாது. மறுபடி பார்க்கணும், அவரையே இங்க வரச் சொல்லு.”

“ஒரு தடவை செத்தது போதும்” என்றான் தேவானந்தம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். விசிலை எடுத்துப் போகவே மறந்தான். கமிட்டிக் கூட்டங்களுக்குத் தலைவலி வந்தது. ஆனால் வீட்டில் வேறு மனிதனாகியிருந்தான். அவள் வேலையிலிருந்து வருவதற்குள் தண்ணீர் பிடித்து, அரிசி களைந்து வைத்தான். கிருபாபாய் மீன் குழம்பில் நடுத்துண்டை மருமகளுக்குப் போட ஆரம்பித்தாள். வேதத்துப் பெண்களின் பட்டியல் அந்த வீட்டில் மறுபடி கேட்கவில்லை. தபீதாள் புருஷனுக்காக அழுதாள். அழுது முடித்துத் தெருவில் நடக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. இரண்டும் உண்மை.

மறு வருஷம் அதே வெங்கடம்மா தேடி வந்தாள். திருப்பதியிலேயே அலிபிரி பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்கு மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை. “நீதாம்மா வழி காட்டணும்” என்றாள். பழைய கடைப் பேச்சு இருவருக்கும் நினைவு வராத மாதிரி இருந்துகொண்டார்கள். தபீதாள் அந்த மகளை டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

“உன் வீடு பக்கம்தானே, அரை மணிக்குள்ள கொண்டாந்துடு” என்று டாக்டர் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “பாட்டில ரவிக்கைக்குள்ள வச்சுக்கோ. உடம்பு சூடு இருக்கணும். குளுந்துச்சுன்னா ஓட்டம் நின்னுடும், நேரமானாலும் அப்படித்தான்.”

தபீதாள் கேட்டாள், “ஐஸ்ல வச்சா?”

“ஐஸ்லயா? அப்புறம் அதுல பார்க்கறதுக்கு இன்னா இருக்கு?”

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு, புருஷனை மலடனாக்கியது வியாதியல்ல, தன்னுடைய பயிற்சி என்று புரிந்துவிட்டது. சொன்னால் அவன் நிமிர்வான். அவன் நிமிர்ந்தால் பழி எங்கே போகும் என்பதும் தெரியும். வேறு வீடு தெரியாத பழி அது. அவள் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளை வந்தபோது அவன் அரிசி களைந்துகொண்டிருந்தான்.

அந்தச் சபையில் அறுப்பின் பண்டிகையன்று பூசணியும் வாழைத்தாரும் சேவலும் ஏலம் போன பிறகு, விருப்பமுள்ளவர்கள் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். காய்ச்சல் நின்றது, பையன் பாஸானான், இப்படி. அந்த வருஷப் பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் தேவானந்தம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி சொன்னான்:

“நாளைக்கு எழுந்து நிக்கப் போறேன் தபீ. இத்தனை வருசமா உன்ன வாய்க்கு வந்தபடி பேசினாங்க. கொறை என்துதான்னு சபையில சொல்லிடறேன். அப்பதான் எனக்கு நெஞ்சு ஆறும்.”

எட்டு வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வாக்கியம் அது. நாளைக்கு ஒரு மணி நேரம் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். மிச்சத்தைச் சபையே பார்த்துக்கொள்ளும். அவன் கண்ணாடி முன் நின்று, “சபையாருக்கு ஸ்தோத்திரம்” என்று குரலைச் சரிபார்த்தான். மறுபடி ஒருமுறை சரிபார்த்தான்.

“ஏங்க, சொல்லாதீங்க” என்றாள் அவள். “அந்த பாட்டில நான் ஐஸ்ல வச்சு எடுத்துக்கினு போனேன்.”

“வச்சா?”

“வைக்கக்கூடாதாம். எல்லாம் செத்துடுமாம். எனக்கு அப்ப தெரியாது. போலியோ மருந்த அப்படித்தானே கொண்டுபோறோம்.”

அவன் ஷூவைக் கீழே வைத்தான். “என்னைப் போலியோ மருந்துன்னு நெனச்சியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவன் வாசலுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

“எப்ப தெரியும்?”

“வெங்கடம்மா பொண்ணக் கூட்டிக்கினு போனப்பவே.”

“அத்தினி நாளா நான் கொறைக்காரனாவே கீறேன், நீ பார்த்துக்கினு இருந்த.”

“ஆமாங்க. எட்டு வருசம் நான் இருந்தேன். நீங்க பார்த்துக்கினு இருந்தீங்க.”

அவன் கீழே வைத்த ஷூவை மறுபடி கையில் எடுத்தான். பிறகு கேட்டான், “அப்ப கொறை யார்து?”

“தெரியாது. ரெண்டு பேரும் போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.”

மறுநாள் வாழைத்தார் ஏலம் போனதும் அவன் எழுந்தான். “எங்களுக்குப் பிள்ளை இல்ல. கொறை யார்துன்னு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்ச மாதிரி இவள இத்தனை வருசம் பேசினோம், நானும் சேர்ந்துதான். அது தப்பு. நாளைக்கு ரெண்டு பேரும் திருப்பதி போறோம்.”

சபை மூச்சை இழுத்தது. போதகர் அவசரமாக முன்னே வந்தார். “ஆஸ்பத்திரிக்குத்தானே?”

“ஆஸ்பத்திரிக்குத்தான் ஐயரே.”

ஆமென் சற்றுத் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது.

திங்கட்கிழமை அவன் அந்தப் பாத்ரூமுக்குள் போனான். வெளியே வந்தபோது பெஞ்சிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரை ஒருமுகமாகப் பார்த்தார்கள். டாக்டர் சீட்டைப் பார்த்துச் சொன்னார்: “ஓடுது. எண்ணிக்கை கொஞ்சம் கம்மி, கொஞ்சம் மெதுவாவும் போவுது.”

“மெதுவாவா?” என்றான் டிரில் மாஸ்டர். முந்தின நாள்வரை செத்தவனாக இருந்தவன் அதற்குள் வேகத்துக்குச் சண்டை போட்டான்.

தபீதாளை அன்றே புதிதாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஒரு பக்கக் குழாய் அடைத்திருந்தது. முன்பு ஊதிய காற்று இன்னொரு பக்கமாகப் போயிருக்கும் போலிருக்கிறது.

குழந்தை பிறக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மூன்று வருஷம் மருத்துவம் பார்த்தார்கள். ஒருமுறை நின்றது, மூன்றாம் மாதம் கலைந்தது. அப்போது பஸ்ஸில் சேர்ந்து அழுதார்கள், ஜன்னல் சீட்டில் ஒருவர், பக்கத்தில் ஒருவர். பிறகு போதும் என்றும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். மெட்ராசில் குழாய்க் குழந்தை சாத்தியமாகும்போது, டாக்டர் சொன்ன மாதிரியே அவளுக்கு நரைத்திருந்தது. தன்னிடம் வரும் பெண்களிடம் அவள் மருந்தைப் பற்றிப் பேசுமுன், “உன் வூட்டுக்காரர் எங்க?” என்று கேட்பாள். வெளியே நிற்கிறார் என்றால் உள்ளே கூப்பிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்புவோம். இருவரும் வீடு வந்து சேர்ந்தபோது கிருபாபாய் வாசலிலேயே நின்றாள்.

“இன்னா சொன்னாங்க? யார் மேல கொறை?”

“ரெண்டு பேர் மேலயும் கொஞ்சம் கொஞ்சம்மா” என்றான் மகன்.

கிருபாபாய்க்கு இது ஒரு பதிலாகவே படவில்லை. “அப்ப ராத்திரி ஜெபத்துல நான் யார் பேரச் சொல்லி வேண்டிக்கிறது?”

“ரெண்டு பேர் பேரையும் சொல்லுங்க அத்தை.”

“நீளமாப் போவுமே” என்றாள் கிருபாபாய். ஆனாலும் அன்று இரவு இரண்டு பெயரையும் சொன்னாள். மகன் பெயரைச் சற்று மெல்லிய குரலில்.