கூரை மேலிருந்து ஒரு வசவு

மரிக்கினா ஊரின் ஆற்றங்கரைச் சந்தில் லுஸ்விமிண்டா என்று முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் விழிப்பார்கள். மிண்டா என்றால் மட்டும், "படம் போடுற பொண்ணா? அந்தப் பச்சைக் கதவு" என்று கை காட்டுவார்கள். பொண்ணுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் பல வருஷம் கார்ட்டூன் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். வெளிநாட்டு டி.வி.க்காக அங்கே படம் தயாரித்தார்கள். கதாபாத்திரம் கையைத் தூக்குவதை ஒருத்தர் வரைவார், இறக்குவதை இன்னொருத்தர் வரைவார். நடுவில் அந்தக் கை போகிற வழியெல்லாம் மிண்டாவின் பாடு. கதை என்ன, அந்தக் கை யாரை அடிக்கப் போகிறது என்பதெல்லாம் அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஒருநாள் அந்த வேலை வேறு நாட்டுக்குப் போய்விட, ஸ்டுடியோவை மூடினார்கள். தோஹாவிலிருந்த அண்ணன், "இங்க வந்துடு, வயசானவங்களப் பாத்துக்கிற வேலை இருக்கு" என்று கூப்பிட்டான். மிண்டா ஒரு மாசம் யோசித்துக்கொண்டே ஒரு காமிக்ஸ் வரைந்தாள். அது முடிந்தபோது, போக வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தது தெரிந்தது.

'தண்ணீர் ஊர்' என்று அதற்குப் பெயர் வைத்தாள். மரிக்கினா முழுவதும் முங்கிப்போய், ஜனங்கள் படகில் குடித்தனம் நடத்துகிற காலத்துக் கதை. நாயகி ஊலான் என்கிற படகோட்டிப் பெண். மிண்டாவே எழுதி, வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்து, காமிக்ஸ் சந்தைக்கு எடுத்துப்போனாள். பாதி மேசைதான் கிடைத்தது. வாங்கினவர்களைவிடப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தவர்கள் அதிகம். சாயங்காலம் மேசைக்காரர்களெல்லாம் தங்களுக்குள் புத்தகங்களை மாற்றிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது மிண்டாவுக்குச் சிரிப்பாக வந்தது. தான் வரைந்த ஒரு கை, தான் நினைத்த ஆளை அடித்திருக்கிறது.

இரண்டாம் புத்தகத்துக்கு ஒரு வில்லி வேண்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே ஆலிங் பாஸ்யாங் வாழைப்பழத்தைச் சர்க்கரை போட்டுப் பொரித்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு, பென்சிலால் தீட்டின புருவம், மூக்கோரம் மரு, கையில் எந்நேரமும் பறக்கத் தயாரான செருப்பு. பெரியவளென்கிற மரியாதைக்குத்தான் 'ஆலிங்'. சந்தில் அவர் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. மிண்டா அவரைத் துப்பாக்கி கொடுத்துக் கப்பலில் ஏற்றினாள். கொள்ளைக்காரி கேப்டன் பெரோனா பிறந்தாள்.

அதன்பிறகு புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் ஊலானைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "அடுத்ததுல கேப்டன் என்ன பண்ணுவா?" இதுவேதான் பேச்சு. தான் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை எல்லாரும் கொஞ்சுகிற மாதிரி மிண்டாவுக்கு வலித்தது. நாலாம் புத்தகத்தில் கேப்டனைத் தண்ணீரில் முக்கிக் கொன்றாள்.

புத்தகம் வந்த வாரம், வாழைப்பழம் வாங்க வந்த ஒரு காலேஜ் பெண் ஆலிங் பாஸ்யாங்கைப் பார்த்து, "ஐயோ, கேப்டன்!" என்று அலறினாள். பையிலிருந்த நாலு புத்தகத்தையும் எடுத்துக் காட்டினாள். மறுநாள் காலை பச்சைக் கதவு அதிர்ந்தது.

"மிண்டா! கதவத் தெறடி!"

திறந்ததும் புத்தகம் மூக்குக்கு நேரே வந்தது.

"இது யாரு?"

"அது... கற்பனை, ஆலிங்."

"இந்த மருவும் கற்பனையா? அறுந்த செருப்புக்கு நான் ஊக்கு குத்தியிருக்கேனே, அதக்கூட விடல!"

"மன்னிச்சிடுங்க ஆலிங். நான் வேணும்னு..."

"உன் மன்னிப்பக் கொண்டுபோய்க் குப்பையில போடு. திருடின்னு போட்ட, ராட்சசின்னு போட்ட, அதுக்கா வந்தேன்? கப்பலும் துப்பாக்கியும் ஜோராத்தான் இருக்கு. தண்ணியில எப்படிடி என்னக் கொன்ன? என்னையா? தண்ணியிலயா?"

ஆலிங் மிண்டாவுடைய ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"பெரிய வெள்ளம் வந்தப்ப நீ எங்க இருந்த?"

"ஸ்டுடியோல மாட்டிக்கிட்டேன். தண்ணி வடிஞ்சப்புறம்தான் வந்தேன்."

"அதான் உனக்குத் தெரியல. சந்து மொத்தமும் கூரை மேல. இருட்டு, மழை, குளிரு. எவனாவது கண்ணசந்தா உருண்டு ஆத்துல போயிடுவான். நான் என்ன பண்ணேன்? பேர் சொல்லிச் சொல்லித் திட்டினேன். 'டேய் இசிட்ரோ, எருமக்கழுத்து, உன் மூஞ்சிக்குப் பொண்டாட்டி எப்படிடா சம்மதிச்சா?' அவன் பதிலுக்கு என் ஆத்தாள இழுப்பான். சரி, இருக்கான். அடுத்தவளத் திட்டுவேன். விடிய விடியத் தொண்டை கிழிஞ்சுபோச்சு. யாராவது என்னத் திட்டினா, உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம்."

தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"என் தம்பி நார்சிங் மட்டும் கடைசியில பதில் சொல்லல. நானும் கெட்ட கெட்ட வார்த்தையா எடுத்து வீசினேன். சொல்லல."

எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எண்ணெய் காய்கிறது என்று போய்விட்டார்.

மிண்டா அன்று முழுக்க ஒரு கோடும் போடவில்லை. பிறகு ஐந்தாம் புத்தகத்தை ஆரம்பித்தாள். கேப்டன் பெரோனா சாகவில்லை. முங்கின ஊரின் ஒரு கூரையைப் பிடித்து ஏறுகிறாள். சுற்றிலும் அவளை வெறுக்கிற ஜனம். அங்கிருந்து பக்கம் பக்கமாக வெறும் கறுப்புக் கட்டங்கள். உருவமே இல்லை. பேச்சுக்குமிழிகள் மட்டும் ஒரு கூரைக்கும் இன்னொரு கூரைக்கும் பறக்கின்றன, வசவும் பதில் வசவுமாக. கடைசிக் கட்டத்தில் ஒரு பெயரும் வசவும். அதற்கு எதிர்க்குமிழி இல்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன பொண்ணு இது, இருட்டையா பிரிண்ட் போடுற? என் மெஷின் மையெல்லாம் குடிச்சிடுச்சே!"

சந்தில் எல்லாரும் படித்தார்கள். இசிட்ரோவுக்கு மட்டும் குறை. "நான் சொன்னது இதவிடக் கெட்ட வார்த்தை. என்னைச் சாதுவாக்கிட்டியே."

இந்தப் புத்தகம்தான் மிண்டாவின் பெயரை வெளியே கொண்டுபோனது. ஒரு பதிப்பகத்திலிருந்து வில்லாஃப்ளோர் என்ற அம்மாள் கூப்பிட்டனுப்பினார். ஐந்தையும் சேர்த்து அழகான ஒரே புத்தகமாகப் போடலாம், பள்ளிக்கூடங்களுக்கும் போகும். ஒன்றே ஒன்றுதான், கூரை அத்தியாயத்தில் வசவைக் கொஞ்சம் மென்மையாக்க வேண்டும்.

ஆலிங் செருப்பைத் தூக்குவார் என்று நினைத்துத்தான் மிண்டா இதைச் சொன்னாள்.

"வசவெல்லாம் எடுத்துடு" என்றார் ஆலிங். "நான் ரெண்டாங்கிளாஸோட நின்னவ. இப்பவாவது பள்ளிக்கூடத்துக்குப் போறேன்."

மிண்டா முயன்று பார்த்தாள். ஒரு வாரம் குமிழிகளை அழித்து அழித்து எழுதினாள். முடியவில்லை. பதிப்பகத்துக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தாள். கேட்டதும் ஆலிங்குக்கு வந்ததே கோபம்.

"வேண்டாம்னு சொல்ல நீ யாருடி? வாய் என்னோடது. தம்பி என் தம்பி. நீ அன்னிக்கு இங்க இல்லவே இல்ல!"

அதன்பின் மிண்டா கடைப்பக்கம் போனால், சட்டி நிறைய வாழைப்பழம் பொரியும்போதே, "தீந்துபோச்சு" என்பார் ஆலிங். எட்டத்திலிருந்து பார்த்தால் அது சிரிப்பாக இருக்கும். மிண்டாவுக்கு இருக்கவில்லை. ஆலிங்கிடம் கேட்காமல் அவர் முகத்தை எடுத்தாள், பிறகு கதையை எடுத்தாள். முடிவு சொல்லும்போதும் கேட்கவில்லை. அவர் சொன்னது நியாயம்தான் என்று நாளாக ஆக உறைத்தது.

ஒரு மத்தியானம் மழையில் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துப் போனாள். "ஆலிங், நான் மாத்தி எழுதினதப் படிக்கிறேன். கேட்டுட்டு நீங்களே முடிவு சொல்லுங்க. நீங்க சரின்னா நான் போய் அந்தம்மா கால்ல விழறேன்."

ஆலிங் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தீந்துபோச்சு என்று சொல்லவில்லை. மிண்டா படித்தாள். "'இசிட்ரோ, சோம்பேறியே, கண் விழித்திரு! உன் மனைவி உனக்காகக் காத்திருக்கிறாள்!'"

"யாரு பேசறா?"

"நீங்கதான்."

"நானா? பாதிரியார் பூசை வைக்கிறாரோன்னு பாத்தேன்." மிண்டா இன்னும் இரண்டு குமிழி படிப்பதற்குள் ஆலிங் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "நிறுத்துடி! நான் இப்படிப் பேசியிருந்தா எல்லாரும் நிம்மதியாத் தூங்கியே செத்திருப்பானுங்க!"

சிரித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

"பழையபடியே இருக்கட்டும். நார்சிங்குக்குச் சொன்னத ஒரு எழுத்துகூட மாத்தாத" என்றார்.

புத்தகத்தை மிண்டாவே போட்டாள். அட்டையில் தன் பெயருக்குப் பக்கத்தில் பொனிஃபாசியா என்ற பெயரையும் அச்சிட்டாள். அது ஆலிங்கின் ஞானஸ்நானப் பெயர் என்பது சந்துக்கே அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் எதுவும் வாங்கவில்லை. ஒரு டீச்சர் மட்டும் தன் அலமாரியில் வைத்து, கேட்கிற பிள்ளைகளுக்குப் பூட்டைத் திறந்து கொடுக்கிறாராம்.

இப்போதும் மிண்டா பகலில் கல்யாணப் பத்திரிகைக்குப் படம் போடுகிறாள், செருப்புக் கம்பெனிப் பெட்டிக்கு டிசைன் போடுகிறாள். மற்ற நேரமெல்லாம் காமிக்ஸ். தண்ணீர் ஊர் முடிந்துவிட்டது. மலைமேல் நடக்கிற ஒரு கதையைத் தொடங்கியிருக்கிறாள். அதில் இதுவரை மழையே பெய்யவில்லை.